ஏன் தொட்டீர்கள் என்று எங்களைக் கேட்காதீர்கள்

திருப்போரூர் பக்கத்தில் மானாமதி. 2019 ஆகஸ்ட் 25, ஞாயிற்றுக்கிழமை. கெங்கையம்மன் கோயிலருகே கிடைத்த ஒரு பொருள் வெடித்து இரண்டு இளைஞர்கள் செத்துப்போனார்கள். இன்னும் சிலர் ரத்தக் காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அது ராக்கெட் லாஞ்சர் குண்டு என்றும், அனுமந்தபுரம் பயிற்சித் தளத்திலிருந்து வந்திருக்கலாம் என்றும் செய்திகளில் அடிபட்டது. அன்றைக்கு நாங்கள் காஞ்சிபுரம் மாவட்டம். அதே ஆண்டு நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. கலெக்டர் அலுவலகம் பக்கத்தில் வந்தது. ஆனால் எங்களைப் பார்த்துக் கேட்கிற கேள்வி மட்டும் அன்றும் இன்றும் ஒன்றுதான்: "அதை ஏன் தொட்டீர்கள்?"

செத்தவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? குண்டைச் சுட்டவர் யார், அது வெடிக்காமல் போனதைக் குறித்து வைத்தவர் யார், தேடிப் போனவர் யார், கிடைக்காதபோது அக்கம்பக்கத்து ஊர்களுக்குச் சொன்னவர் யார்? இத்தனை கேள்விகளையும் தாண்டிக் குதித்து, பிள்ளையைப் பறிகொடுத்தவளின் வாசலில் வந்து நின்று "ஏன் தொட்டான்?" என்று கேட்க எப்படி மனசு வருகிறது?

அனுமந்தபுரம் சிங்கப்பெருமாள்கோயிலுக்குக் கிழக்கே இருக்கிறது. அகோர வீரபத்திரரைக் கும்பிட வெளியூரிலிருந்தெல்லாம் ஜனம் வருகிற ஊர். அந்தக் காடும் குன்றும்தான் பயிற்சித் தளம். ராணுவம், மத்தியப் படைகள், மாநிலப் போலீஸ் என்று முறை வைத்து வந்து சுடுவார்கள். சுடுகிற நாளில் சத்தம் வயிற்றுக்குள் இறங்கும். தொட்டிலில் கிடக்கிற குழந்தை வீறிட்டு அழும். மாடு முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடும். அதையெல்லாம் சகித்துக்கொண்டோம். சாயங்காலம் லாரிகள் போய்விடும். பயிற்சி முடிந்தது என்பார்கள். அவர்களுக்கு முடிந்தது. எங்களுக்கு அப்போதுதான் ஆரம்பம்.

எங்களுடையது ஏரி மாவட்டம். ஏரியில் மண் எடுக்காமல், வாய்க்கால் வெட்டாமல், குளம் தூர் வாராமல் எங்களுக்குப் பிழைப்பு இல்லை. நூறு நாள் வேலையில் மண் வெட்டிய பெண்களிடம் கேளுங்கள். மண்வெட்டி கல்லில் பட்டால் ஒரு சத்தம், இரும்பில் பட்டால் வேறொரு சத்தம். ஒருமுறை ஏரிக்குள்ளே 'ணங்'கென்று கேட்டது. "யக்கா, அப்பிடியே வுட்டுட்டு வா!" என்று ஒருத்தி கத்தினாள். மண்வெட்டி, கூடை, சோத்துத் தூக்கு எல்லாவற்றையும் போட்டுவிட்டு மொத்தக் கூட்டமும் கரைக்கு ஓடியது. வயசான ஒரு அத்தை ஓட முடியாமல் சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் பார்த்தால் அது பழைய பம்புசெட் குழாய். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அந்த அத்தையைத் தூக்கிவிட்டு, தண்ணீர் கொடுத்து, மறுபடி அதே இடத்தில் இறங்கி மண் வெட்டினார்கள். இறங்காவிட்டால் அன்றைய கூலி கிடையாது. மண்ணைத் தொடாமல் பிழைக்கிற வழி எங்களுக்கு இருக்கிறதா?

பொறுக்கப் போகிறவர்களும் உண்டு, மறைக்கவில்லை. ஆடு மேய்க்கப் போகிறவன் கண்ணில் பித்தளைத் தோட்டா உறை பட்டால் எடுத்து மடியில் கட்டிக்கொள்வான். காயலான் கடையில் பித்தளைக்கு இரும்பைவிட நல்ல விலை. மேய்ச்சல் நிலம் வேலிக்குள் போன பிறகு, வேலிக்குள் கிடக்கிற உலோகம்தான் அவனுக்கு மிச்சம். அவன் செத்தால் திருடப் போனவன் என்று பேச்சு வருகிறது. அவன் வீட்டில் உலை ஏன் கொதிக்கவில்லை என்று ஒருவரும் கேட்பதில்லை.

குண்டு ஏன் வெடிக்காமல் போகிறது என்பது சுடுகிறவர்களுக்குத் தெரியாத ரகசியம் அல்ல. முனை கடினமான தரையில் மோதினால் வெடிக்கும். சேற்றிலோ புதரிலோ சாய்வாக விழுந்தால், உள்ளே இருக்கிற வெடிப்பி வேலை செய்யாமல் அப்படியே புதைந்துவிடும். மழை வரும், வண்டல் மூடும். வருஷங்கள் போனாலும் உள்ளே இருக்கிற மருந்து சாவதில்லை. துருப்பிடித்த குண்டு புதுக் குண்டைவிட ஆபத்தாகவும் இருக்கலாம், சில நேரம் அசைத்தாலே போதும். எத்தனை சுட்டோம், எத்தனை வெடித்தது, எத்தனை வெடிக்கவில்லை என்று கணக்குப் பார்ப்பதும், வெடிக்காததைத் தேடி அங்கேயே அழிப்பதும் சுடுகிறவரின் வேலை. ஆடு மேய்க்கிற பையனின் வேலை அல்ல.

படைப் பயிற்சிக்கும் களத்தில் சுடுவதற்கும் பீரங்கிப் பயிற்சிக்கும் வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1938இல், சட்டம் போட்டார்கள். சுடுகிற நேரத்தில் அபாய எல்லைக்குள் இருக்கிற ஆட்களையும் கால்நடைகளையும் அப்புறப்படுத்த வேண்டும், பயிற்சியால் வந்த சேதத்துக்கு இழப்பீடு தர வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. மாட்டுக்குக்கூட சட்டத்தில் இடம் கொடுத்தவன் வெள்ளைக்காரன். இன்று நாங்கள் மனு எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறோம். ஒரு மேசையில் "இது எங்க லிமிட் இல்லம்மா" என்கிறார்கள். அடுத்த மேசையில் "மேல எழுதிப் போட்டிருக்கோம்" என்கிறார்கள். மூன்றாவது மேசையில் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்க ஆளுங்க ஏன் உள்ள போறாங்க?" என்கிறார்கள். உள்ளே போகாதவன் செத்தால் அப்போது என்ன சொல்வீர்கள்?

அதற்கும் சாட்சி இருக்கிறது. புதுக்கோட்டை நார்த்தாமலைப் பக்கம் 2021 டிசம்பர் 30. தாத்தா வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த 11 வயதுப் பையன் தலையில் தோட்டா பாய்ந்தது. அன்று பக்கத்துத் தளத்தில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் துப்பாக்கிப் பயிற்சி. நான்கு நாள் போராடி 2022 ஜனவரி 3இல் அந்தப் பிள்ளை உயிரை விட்டது. முதலமைச்சர் பத்து லட்ச ரூபாய் அறிவித்தார். அவன் எதைத் தொட்டான்? சோற்றுத் தட்டைத் தொட்டான். இப்போது சொல்லுங்கள், யாரிடம் கேட்க வேண்டும் கேள்வியை?

கண்ணுக்குத் தெரிகிற குண்டைப் பற்றி இவ்வளவு நேரம் சொன்னேன். கண்ணுக்குத் தெரியாததும் இருக்கிறது. தோட்டாவுக்குள் இருப்பது ஈயம். குண்டுக்குள் இருப்பது ஆர்டிஎக்ஸ், டிஎன்டி மாதிரி வெடிமருந்து. ஈயம் மண்ணில் தங்கும். குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். ஆர்டிஎக்ஸ் மழைநீரோடு இறங்கி நிலத்தடி நீரைச் சேரும். அமெரிக்காவில் கேப் காட் என்ற இடத்தில் ராணுவப் பயிற்சித் தளத்துக்கு அடியில் இருந்த குடிநீர் இப்படிக் கெட்டது. 1997இல் அந்த நாட்டுச் சுற்றுச்சூழல் அமைப்பே நிஜக் குண்டு வைத்துச் சுடுவதை நிறுத்தச் சொன்னது. அங்கே தண்ணீரைச் சோதித்ததால்தான் தெரிந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீரையும் ஏரி மண்ணையும் சோதித்து, முடிவை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். நல்லதாக இருந்தால் நிம்மதியாகக் குடிக்கிறோம். கெட்டதாக இருந்தால் சொல்லுங்கள். சொல்லாமல் இருக்காதீர்கள்.

சொல்லாமல் இருப்பது இந்த மாவட்டத்துக்கு விதித்த விதியா? மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கம். மின்சாரத்துக்கான உலைகள் என்றார்கள். 2006இல் ராணுவத்துக்கு எது, பொதுமக்களுக்கு எது என்று அணு உலைகளைப் பிரித்தபோது, கல்பாக்கத்து உலைகள் சர்வதேசக் கண்காணிப்புக்கு வெளியே வைக்கப்பட்டன. நீர்மூழ்கிக் கப்பலுக்கான மாதிரி உலையும் அங்கேதான் உருவானது. 2003 ஜனவரியில் அங்கே மறுசெயலாக்க ஆலையில் ஆறு தொழிலாளர்கள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். அரை வருஷம் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. சதுரங்கப்பட்டினத்து மீனவரிடம் "பயப்படாதே" என்கிறார்கள். அனுமந்தபுரத்து மேய்ச்சல்காரரிடம் "தொடாதே" என்கிறார்கள். இரண்டு பேருக்கும் உண்மை நிலவரத்தைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

உடனே நாட்டுப் பாதுகாப்பு என்று பேச வருவார்கள். எங்கள் வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் ராணுவத்திலும் போலீசிலும் இருக்கிறார்கள். அவர்கள் பயிற்சி எடுக்கக் கூடாது என்று எந்தத் தாயும் சொல்லமாட்டாள். ஆனால் ஈழத்தைப் பாருங்கள். போர் நடந்த மண் அது. முகமாலையில் சிவப்புப் பலகை நட்டு, முழங்காலிட்டு, அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறிப் பெண்கள் மிதிவெடி எடுத்தார்கள். 2009இல் போர் ஓய்ந்த பிறகும் அந்த வேலை வருஷக்கணக்கில் நீண்டது. போர் நடந்த மண்ணுக்கு அந்தக் கவனம் கிடைத்தது. போரே நடக்காத எங்கள் மண்ணில் போர்க்குண்டு விதைத்துவிட்டு, ஒரு சிவப்புப் பலகைகூட நடாமல் போனால் அது எந்தப் பாதுகாப்பு? யாருக்குப் பாதுகாப்பு?

எதிர்த்து நின்றவர்கள் தோற்றுத்தான் போவார்கள் என்று எங்களைப் பயமுறுத்தாதீர்கள். ஒடிசாவில் பாலியாபால். எண்பதுகளில் ஏவுகணைச் சோதனைத் தளத்துக்கு நிலம் எடுக்க வந்தார்கள். வெற்றிலைக் கொடிக்காரர்களும் மீனவர்களும் ஊர் எல்லையில் தடுப்புப் போட்டார்கள். அதிகாரிகள் வந்தால் சங்கு ஊதினார்கள், தட்டைத் தட்டினார்கள். ஊரே திரண்டு மறித்தது. அந்தத் தளம் அங்கே எழும்பவில்லை. ஜார்க்கண்டில் நேதர்ஹாட். அதே 1938 சட்டத்தின்படி அறிவித்த பீரங்கிப் பயிற்சிக் களம், 245 கிராமங்கள். 1994 மார்ச்சில் ஆதிவாசிகள் ராணுவ வண்டிகளுக்கு முன்னால் படுத்து மறித்தார்கள். பிறகு வருஷா வருஷம் அதே மார்ச்சில் கூடினார்கள். 2022 ஏப்ரலில் ராஞ்சி வரை நடந்தே போனார்கள். அந்த ஆகஸ்டில் மாநில அரசு, பயிற்சிக் களத்தை நீட்டிப்பதில்லை என்று முடிவெடுத்தது. ஏறத்தாழ முப்பது வருஷம். ஒருவர் கையிலும் ஆயுதம் இல்லை.

கடல் கடந்து போனால் பியூர்ட்டோ ரிக்கோவின் வியெக்கெஸ் தீவு. 1999 ஏப்ரலில் குறி தப்பிய குண்டு ஒரு காவலாளியைக் கொன்றது. மக்கள் சுடுகளத்துக்குள்ளேயே போய்க் குடிசை போட்டு உட்கார்ந்தார்கள். 2003 மே 1இல் அமெரிக்கக் கடற்படை வெளியேறியது. இருபது வருஷம் ஆன பிறகும் அங்கே வெடிக்காத குண்டுகளைப் பொறுக்கி எடுக்கிற வேலை முடியவில்லை. சுடுவது ஒரு நொடி. சுத்தம் செய்வது ஒரு தலைமுறை. அந்தத் தலைமுறை எங்களுடையது என்பதால்தான் இப்போதே கத்துகிறோம்.

நாங்கள் கேட்பது என்ன? ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் எத்தனை சுட்டீர்கள், எத்தனை வெடிக்கவில்லை, எத்தனையைத் தேடி எடுத்தீர்கள் என்ற கணக்கு சுற்றுவட்டார ஊராட்சிகளுக்கு வர வேண்டும். ஏரியிலும் குளத்திலும் தூர் வாருவதற்கு முன்னால் வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவு வந்து மண்ணைச் சோதிக்க வேண்டும். செத்தவனைத் திருடன் என்று எழுதாமல் இழப்பீடு தர வேண்டும். இதையெல்லாம் செய்ய முடியாது என்றால், குடிகள் சூழ்ந்த இந்தக் காட்டில் சுடுவதை நிறுத்திவிட்டுப் போக வேண்டும்.

அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருவோம். பேசினோம், கைதட்டினோம் என்று கலைய மாட்டோம். தீர்மானப் புத்தகத்தில் எங்கள் கண் முன்னால் எழுதி, எல்லோர் காதிலும் விழ வாசித்துக் காட்டினால்தான் கையெழுத்து. அந்த நகலை எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலக வாசலில் வந்து நிற்போம். அப்போதும் எங்களைப் பார்த்து "ஏன் தொட்டீர்கள்?" என்று கேட்டால், "ஏன் விட்டுவிட்டுப் போனீர்கள்?" என்று கேட்போம். பதில் வருகிற வரைக்கும் அந்த வாசலை விட்டு நகரமாட்டோம்.