புகைக்குழாயை மாற்றினால் குளிர்சாதனம் கெடுமா?

காரின் குளிர்சாதனக் கம்ப்ரஸர் கெட்டுவிட்டது. கார் வாங்கி இரண்டரை ஆண்டுதான் ஆகிறது. உத்தரவாதமோ ஐந்து ஆண்டு. சேவை மையத்துக்குக் கொண்டுபோனால், அங்குள்ளவர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பின்பக்கம் குனிந்து பார்த்து, "சைலன்சரை மாத்தியிருக்கீங்க, இனிமேல் உத்தரவாதம் செல்லாது" என்கிறார். கற்பனைக் காட்சிதான். ஆனால் இதைக் கற்பனை செய்ய நீங்கள் அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை. வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாராவது இப்படி ஒன்றைச் சொல்லிப் புலம்பக் கேட்டிருப்பீர்கள்.

இது வக்கீல்கள் பேச வேண்டிய விஷயம், அறிவியல் பக்கத்தில் இதற்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். சேவை மையம் சொன்னது சட்டம் அல்ல, ஒரு கருதுகோள் என்பதே என் பதில். சைலன்சரை மாற்றியதால் கம்ப்ரஸர் கெட்டது என்பது அந்தக் கருதுகோள். தமிழ்ப்பள்ளியில் அறிவியல் படித்தபோது தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று மனப்பாடம் செய்தோமே, அது தேர்வுத்தாளோடு முடிந்துபோகும் பாடம் அல்ல. பல ஆயிரம் ரிங்கிட் பெறுமான கேள்வி ஒன்று அந்தப் பாடத்தில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

முதலில் கம்ப்ரஸரைப் பார்ப்போம். அது இயந்திரத்தின் முன்பக்கம் அல்லது பக்கவாட்டில் இருக்கும். பெரும்பாலான கார்களில் ஒரு பெல்ட் மூலம் இயந்திரமே அதைச் சுழற்றுகிறது. குளிரூட்டும் வாயுவை அழுத்துவது அதன் வேலை. அந்த வாயுவோடு கலந்து ஓடும் எண்ணெய்தான் அதன் உள்பாகங்கள் உரசித் தேயாமல் காக்கிறது. வாயு எங்காவது கசிந்தால் எண்ணெயின் ஓட்டமும் குறையும். உள்ளே உலோகம் உலோகத்தோடு உரசும். காரின் வாலில் இருக்கும் சைலன்சர் இந்தக் கதையில் எங்கேயும் வரவில்லை. இரண்டுக்கும் இடையே வெப்பம் போகும் வழி இல்லை, மின்சாரம் போகும் வழி இல்லை, விசை போகும் வழியும் இல்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

ஆனால் அதே கார், வேறு மாற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் வாலில் உள்ள சைலன்சரை மட்டும் அல்ல, இயந்திரத்தை ஒட்டிய புகைக்குழாயையும் மாற்றியிருக்கிறார். பட்டறைக்காரர் வெப்பத் தடுப்புத் தகட்டைத் திரும்பப் பொருத்தாமல் விட்டுவிட்டார். கம்ப்ரஸரோ அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. இப்போது வெப்பம் போக ஒரு வழி பிறந்துவிட்டது. சேவை மையத்தின் கருதுகோளுக்கும் உயிர் வந்துவிட்டது. ஆனாலும் அது இன்னும் நிரூபிக்கப்படவில்லை. கம்ப்ரஸரின் மின்கம்பி உறை கருகியிருக்கிறதா, ரப்பர் வளையங்கள் இறுகிப் போயிருக்கின்றனவா என்று கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

"கார் மாற்றம்" என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் போட்டுக் கட்டுவது எவ்வளவு தவறு என்பதை இந்த இரண்டு உதாரணங்களே காட்டும். கண்ணாடிக்குக் கறுப்புத்தாள் ஒட்டியதும் மாற்றம்தான், இயந்திரக் கணினியின் நிரலைத் திருத்தியதும் மாற்றம்தான்.

எண்களோடு ஒன்று பார்ப்போம். காரின் முன்விளக்கு 55 வாட் ஹாலோஜன் பல்பு. ஒருவர் அதைக் கழற்றி 100 வாட் பல்பு போடுகிறார். 12 வோல்ட் மின்சுற்றில் 55 வாட் பல்பு எடுக்கும் மின்னோட்டம் ஏறக்குறைய 4.6 ஆம்பியர். 100 வாட் பல்பு எடுப்பது 8.3 ஆம்பியர். இரண்டு மடங்குகூட இல்லையே என்று தோன்றும். ஆனால் கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், மூன்று மடங்குக்கு மேல் வரும். விளக்கின் பிளாஸ்டிக் செருகி உருகிப்போனால், உத்தரவாதம் தர மறுக்கும் நிறுவனத்தின் பக்கம்தான் நான் நிற்பேன். (ஜே.பி.ஜே. அதிகாரி எதிரே வந்தால் அவர் தனியாக ஒரு சம்மன் எழுதக்கூடும். அது வேறு கணக்கு.) ஆனால் அதே பல்பைக் காரணம் காட்டிக் கியர்பெட்டிக்கு உத்தரவாதம் இல்லை என்றால் எதிர்ப்பக்கம் போய்விடுவேன்.

அப்படியானால் மாற்றிய பாகத்துக்கு அருகில் உள்ளது கெட்டால் உரிமையாளர் தவறு, தூரத்தில் உள்ளது கெட்டால் நிறுவனத்தின் பொறுப்பு என்று எளிதாக விதி போட்டுவிடலாமா? முடியாது. டர்போ இயந்திரம் ஒன்றின் கணினி நிரலைத் திருத்தி, டர்போவின் அழுத்தத்தை 0.8 பாரிலிருந்து 1.1 பாருக்கு ஏற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வளிமண்டல அழுத்தம் 1 பாரையும் சேர்த்தால் 1.8 என்பது 2.1 ஆகிறது. வெப்பநிலை மாறாவிட்டால், இயந்திரத்துக்குள் போகும் காற்று ஏறக்குறைய 17 விழுக்காடு கூடுகிறது. அதற்கேற்ப எரிபொருளும் கூடும், முறுக்குவிசையும் கூடும். அந்த முறுக்குவிசை போய்ச் சேரும் இடம் கியர்பெட்டி. இன்று நம் சாலைகளில் அதிகம் ஓடும் சி.வி.டி. வகைக் கியர்பெட்டியில் இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓர் உலோகப் பட்டை ஓடுகிறது. அது உராய்வை நம்பி வேலை செய்கிறது. இவ்வளவு முறுக்குவிசைதான் தாங்கும் என்று அதற்கு ஓர் அளவு உண்டு. அளவை மீறினால் பட்டை வழுக்கும், வழுக்கினால் உலோகப்பரப்பில் கீறல் விழும். இங்கே மாற்றியது மென்பொருளின் சில வரிகள், கெட்டது கியர்பெட்டி. இரண்டும் தூரம்தான், ஆனால் தொடர்பு உண்டு.

ஆகவே பார்க்க வேண்டியது தூரத்தை அல்ல, வழியை. காரணத்திலிருந்து விளைவுக்கு விசையோ வெப்பமோ மின்னோட்டமோ நடந்துபோன பாதை எது? அந்தப் பாதையில் அது விட்டுச்சென்ற தடயம் எது? மாற்றம் செய்யாத அதே ரகக் கார்களிலும் இந்தக் கோளாறு வந்திருக்கிறதா? மூன்றாவது கேள்விதான் மிகக் கூர்மையானது. எந்த மாற்றமும் செய்யாத கார்களிலும் அதே பாகம் அடிக்கடி கெடுகிறது என்றால், மாற்றத்தின் மேல் பழி போடுவது மிகவும் கடினமாகிவிடும். அந்தப் பதில் யாரிடம் இருக்கிறது? ஆயிரக்கணக்கான கார்களைப் பழுதுபார்த்த பதிவேடு வைத்திருக்கும் நிறுவனத்திடம். காரின் கணினியில் உள்ள பதிவுகளைப் படிக்கும் கருவியும் அவர்களிடம்தான். கோளாறு தோன்றிய நொடியில் இயந்திரத்தின் சுழற்சி எவ்வளவு, நீரின் வெப்பநிலை எவ்வளவு, வேகம் எவ்வளவு என்று பல கார்களின் கணினி ஒரு நிழற்படம்போல் எடுத்து வைத்துக்கொள்கிறது. உரிமையாளரிடம் இருப்பது ஒரு சாவியும், மாதத் தவணைக் கணக்கும்.

இங்கேதான் என் வாதம். சான்று யார் கையில் இருக்கிறதோ, நிரூபிக்கும் பொறுப்பும் அவர் தலையில்தான் இருக்க வேண்டும். "நீங்கள் செய்த மாற்றம் காரணம் இல்லை என்று நிரூபியுங்கள்" என்று ஓர் ஆசிரியையிடமோ லாரி ஓட்டுநரிடமோ கேட்பது, ஆய்வுக்கூடத்தைப் பூட்டிவிட்டுச் சோதனை அறிக்கை கேட்பதற்குச் சமம்.

இது புதுமையான யோசனை ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் 1975-இலேயே மேக்னூசன்–மோஸ் உத்தரவாதச் சட்டம் வந்துவிட்டது. எங்கள் நிறுவனத்தின் உதிரிப்பாகத்தை வாங்கினால்தான் உத்தரவாதம் என்று பொதுவாக நிபந்தனை போடக்கூடாது என்கிறது அது. வெளிச்சந்தைப் பாகம்தான் பழுதுக்குக் காரணம் என்று மறுப்பவரே காட்ட வேண்டும் என்று அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் பயனீட்டாளர்களுக்கு விளக்கம் தருகிறது. அண்டை நாடான சிங்கப்பூரிலும் 2017-இல் போட்டித்தன்மை ஆணையம் கார் விற்பனையாளர்களின் உத்தரவாத நிபந்தனைகளைக் கையில் எடுத்தது. எங்கள் பட்டறையில் மட்டுமே சர்வீஸ் செய்ய வேண்டும் என்ற கட்டுப்பாட்டை அவர்கள் நீக்கினார்கள். வெளிப்பட்டறையில் செய்த வேலையால் சேதம் உண்டானால் மறுக்கும் உரிமை அவர்களுக்கு அப்படியே இருக்கிறது. நியாயம்தான். வெளியே போனதே குற்றம் என்ற நிலைதான் மாறியது.

நம் நாட்டில்? 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32-ஆவது பிரிவை எடுத்துப் படித்துப் பாருங்கள். படிவம் 4 மாணவருக்குப் புரியாத அளவுக்குக் கடினமானது அல்ல. விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. விலக்கும் தருகிறது. வாங்கியவர் பொருளை நியாயமான எதிர்பார்ப்புக்கு மாறாகப் பயன்படுத்தியிருக்க வேண்டும். அப்படிப் பயன்படுத்தாமல் இருந்திருந்தால் பொருள் தரமாகவே இருந்திருக்கும் என்றும் ஆக வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் விற்பவர் தப்பலாம். இரண்டாவது நிபந்தனையைக் கவனியுங்கள். "அதைச் செய்யாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?" சட்டம் எழுதியவர்கள் கட்டுப்பாட்டுச் சோதனையைத்தான் சட்டமொழியில் எழுதியிருக்கிறார்கள்!

இன்னொன்று பலருக்குத் தெரியாது. கார் வாங்கும்போது கொடுக்கும் கையேட்டில் உள்ள உத்தரவாதம் வேறு, சட்டம் தரும் உத்தரவாதம் வேறு. கையேட்டைக் காட்டி ஒருவர் இல்லை என்று சொன்னால், சட்டம் தந்தது அதோடு அழிந்துவிடாது. கையேட்டையும் சரியாகப் படிக்க வேண்டும். "மாற்றத்தால் ஏற்பட்ட சேதத்துக்குப் பொறுப்பில்லை" என்பதற்கும் "மாற்றம் செய்யப்பட்ட வாகனத்துக்குப் பொறுப்பில்லை" என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. முதல் வாக்கியத்தில் காரணம் இருக்கிறது. இரண்டாவதில் இல்லை. முதலாவதை அச்சடித்துவிட்டு, முகப்பில் நின்று இரண்டாவதைப் பேசுவதுதான் எனக்கு எரிச்சலூட்டுகிறது.

கார் நிறுவனங்களின் தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. இயந்திரக் கணினியைத் திருத்தி ஓட்டிவிட்டு, இயந்திரம் வெடித்ததும் பழைய நிரலையே திரும்ப ஏற்றி, ஒன்றும் தெரியாதவர்போல் சேவை மையத்துக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். இதில் சாமர்த்தியம் எதுவும் இல்லை, சான்றை அழிப்பது இது. நிரல் எத்தனை முறை மாற்றி எழுதப்பட்டது என்று எண்ணி வைக்கும் கணினிகளும் உண்டு என்பதால் பல நேரம் மாட்டிக்கொள்ளவும் செய்கிறார்கள். இவர்களுடைய செலவையும் கடைசியில் ஒழுங்காக ஓட்டுகிறவர்கள்தான் காரின் விலையில் சேர்த்துக் கொடுக்கிறோம். இவர்களைப் பிடிக்கவும் தேவைப்படுவது அதே முறையான சோதனைதான். குனிந்து பார்த்துச் சொல்லும் தீர்ப்பு இங்கேயும் உதவாது.

நம் சட்டத்தில் ஒரு சிறு விதியைச் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை. உத்தரவாதத்தை மறுக்கும் நிறுவனம் அதை எழுத்தில் தர வேண்டும். எந்தப் பாகம், எப்படிக் கெட்டது, எந்த மாற்றம், எந்த வழியாகக் கெடுத்தது, அதற்கு என்ன தடயம் என்று அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். கணினிப் பதிவின் நகலும் இணைக்கப்பட வேண்டும். கெட்ட பாகத்தை வழக்கு முடியும்வரை வீசக்கூடாது. இதற்கெல்லாம் செலவாகும் என்பார்கள். ஆகும். ஆனால் உண்மையாகவே சோதித்துப் பார்த்த நிறுவனத்துக்கு இதில் கூடுதல் வேலை மிகக் குறைவு. பார்த்ததை எழுதினால் போதும். சோதிக்காமல் மறுப்பவர்களுக்குத்தான் இது சுமை.

விதி வரும்வரை வீட்டில் யாருக்காவது இப்படி நேர்ந்தால் நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. கழற்றிய பழைய பாகத்தைப் பழைய இரும்புக்குப் போடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். மாற்றிய தேதி, அப்போது ஓடியிருந்த கிலோமீட்டர், பட்டறை ரசீது எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பல நேரம் அந்த ஒரு கேள்வியிலேயே பேச்சின் தொனி மாறிவிடும். வேறொரு பட்டறையில் தனியாக ஓர் அறிக்கை வாங்குங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். பிரச்சினை எழுந்து மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது, இரு தரப்பும் தாங்களே பேச வேண்டும். கம்ப்ரஸர் எங்கே இருக்கிறது, சைலன்சர் எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் வரைந்து அம்மா அப்பாவிடம் கொடுத்தனுப்புங்கள். படம் நேர்த்தியாக இருக்க வேண்டியதில்லை, அம்புக்குறிகள் சரியாக இருந்தால் போதும்.