காலியாகும் இடம் யாருக்கு?

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் அமெரிக்காவில் கோடிக்கணக்கானோர் பயிற்சியாளர்களாக மாறிவிடுகிறார்கள். அலுவலக மேஜையில் ஒரு பட்டியல், சமையலறையில் ஒரு பட்டியல், சட்டைப் பையில் அடித்துத் திருத்திய இன்னொரு பட்டியல். செப்டம்பரில் தேசிய கால்பந்து லீகின் ஆட்டங்கள் தொடங்குவதற்குள் பத்துப் பன்னிரண்டு நண்பர்கள் ஒரு வீட்டில் கூடி, நிஜ ஆட்டக்காரர்களின் பெயர்களை முறைவைத்துப் பொறுக்கி ஆளுக்கொரு கற்பனை அணியை அமைத்துக்கொள்கிறார்கள். ஃபேன்டஸி ஃபுட்பால் என்பது இதுதான். பெயரில் கால் இருந்தாலும் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். முட்டை வடிவப் பந்தைச் சுமந்து ஓடுவது, வீசுவது, வீசியதைப் பிடிப்பது, இதையெல்லாம் செய்பவரைக் கீழே சாய்ப்பது என்பதே அமெரிக்கக் கால்பந்து.

கணக்கு எளிது. நிஜ ஆட்டத்தில் ஒருவர் பந்தோடு 10 கஜம் முன்னேறினால் அவரைத் தன் பட்டியலில் வைத்திருப்பவருக்கு ஒரு புள்ளி. எல்லைக் கோட்டைத் தாண்டி 'டச்டவுன்' எடுத்தால் ஆறு. பந்து வீசும் குவார்ட்டர்பேக்குக்கு 25 கஜத்துக்கு ஒரு புள்ளி. சில குழுக்களில் பந்தைப் பிடித்தாலே தனியாக ஒரு புள்ளி உண்டு. தேர்வு நடக்கும் முறைக்குப் பாம்பு என்று பெயர். முதல் சுற்றில் கடைசியாகத் தேர்ந்தெடுத்தவர் இரண்டாம் சுற்றில் முதலில் தேர்ந்தெடுப்பார். ஆகவே முதல் இரண்டு மூன்று சுற்றுகளில் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது. நட்சத்திரங்களின் பெயர் எல்லாருக்கும் தெரியும். வெற்றி தோல்வி முடிவாவது எட்டாவது, பத்தாவது சுற்றில். அங்கே யாரும் சீண்டாத ஒரு பெயரைச் சொல்லி, அந்தப் பெயர் டிசம்பரில் நாடே பேசும் பெயராகிவிட்டால் அந்த வருடக் கோப்பை வீட்டுக்கு வந்துவிடும். 'பிரேக்அவுட்' என்று இவர்கள் சொல்வது அந்த ஆளைத்தான்.

இந்த விளையாட்டு பிறந்த கதையே சுவாரசியமானது. 1962இல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியின் பங்குதாரர்களில் ஒருவரான பில் விங்கன்பாக், வெளியூர் ஆட்டங்களுக்காக அணியோடு போயிருந்தபோது, நியூயார்க் ஓட்டல் ஒன்றில் இரண்டு நண்பர்களோடு உட்கார்ந்து விதிகளை வகுத்தார். மறு ஆண்டு ஆகஸ்டில் அவர் வீட்டில் எட்டு அணிகளோடு முதல் தேர்வு நடந்தது. அன்று முதன்முதலாகச் சொல்லப்பட்ட பெயர் ஜார்ஜ் பிளாண்டா. 36ஆவது வயதை எட்டிக்கொண்டிருந்த குவார்ட்டர்பேக். 1961இல் 36 டச்டவுன்களுக்குப் பந்து வீசிப் புகழ் பெற்றவர், அடுத்த ஆண்டே 42 முறை எதிரணியின் கையில் பந்தைக் கொடுத்தவர். ஜிம் பிரவுன் அப்போது தேர்வாகாமல்தான் இருந்தார். 1963இல் பிரவுன் ஓடியது 1,863 கஜம். ஆக, இந்த விளையாட்டின் முதல் தேர்வே பழைய புகழுக்குக் கொடுத்த விலை.

புது நட்சத்திரத்தைத் தேடுபவர்கள் வழக்கமாகத் திறமையைத் தேடுகிறார்கள். ஓட்டத்தின் வேகம், கைகளின் நீளம், கல்லூரி ஆட்டங்களின் ஒளிப்பதிவு என்று அலசுகிறார்கள். இதில் ஒரு சிக்கல். திறமையை மதிப்பிடவே சம்பளம் வாங்கும் அணிகளின் நிபுணர்கள் 2000இல் டாம் பிரேடியை 199ஆவது இடம்வரை தொடாமல் விட்டார்கள். 2023இல் பூக்கா நாகுவாவின் பெயர் 177ஆவதாகத்தான் வந்தது. அவர்கள் கண்ணுக்குத் தப்பியது, பகலில் வங்கி வேலை பார்த்துவிட்டு இரவில் பட்டியல் போடுகிறவர் கண்ணுக்கு மட்டும் தெரிந்துவிடுமா? லீகில் உள்ள 32 அணிகளிலும் இடம் பிடித்த எவருமே திறமைசாலிதான். வெளியே இருந்து பார்ப்பவருக்குத் தெளிவாகத் தெரியக்கூடியது வேறொன்று: எந்த அணியில் யாருடைய இடம் காலியாகிறது, அங்கே அடுத்து உட்காரப்போவது யார்?

1999இல் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் டிரென்ட் கிரீன், சீசன் தொடங்குமுன் நடந்த முன்னோட்ட ஆட்டத்தில் முழங்காலை முறித்துக்கொண்டார். அந்த இடத்துக்கு வந்தவர் கர்ட் வார்னர். எந்த அணியும் தேர்வு செய்யாதவர். அயோவா மாநிலத்தில் மளிகைக் கடை ஒன்றில் இரவு ஷிப்டில் அலமாரிகளில் சாமான் அடுக்கியவர். உள்ளரங்கக் கால்பந்திலும் ஐரோப்பாவிலும் ஆடிக் காலம் தள்ளியவர். அந்த சீசனில் 41 டச்டவுன்கள், சிறந்த ஆட்டக்காரர் விருது, அணிக்கு சூப்பர் பௌல் பட்டம். சினிமாவாகவே எடுத்துவிட்டார்கள். வார்னரின் மன உறுதியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் ஒரு விஷயத்தைப் போகிற போக்கில்தான் சொன்னார்கள். அதே ஆண்டில்தான் மார்ஷல் ஃபாக் அந்த அணிக்கு வாங்கப்பட்டார். பந்து பிடிக்க ஐசக் புரூஸ் இருந்தார், டோரி ஹோல்ட் புதிதாக வந்தார். நாற்காலி காலியானது மட்டுமல்ல, நல்ல நாற்காலியாகவும் இருந்தது.

இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து, லாஸ் ஏஞ்சலிசுக்குக் குடிபெயர்ந்துவிட்ட அதே ராம்ஸ் அணியில் அதே கதை. பந்து பிடிப்பதில் பெயர் பெற்ற கூப்பர் கப் தொடைத் தசைக் காயத்தால் முதல் நான்கு ஆட்டங்களுக்கு இல்லை. புதுமுகம் நாகுவா முதல் ஆட்டத்தில் 10 முறை, இரண்டாவதில் 15 முறை பந்தைப் பிடித்தார். சீசன் முடிவில் 105 பிடிகள், 1,486 கஜம். புதுமுகங்களின் சாதனைகள் இரண்டையும் முறியடித்த கணக்கு அது.

நல்ல நாற்காலியை எப்படி அடையாளம் காண்பது? டென்வர் அணியின் பழைய வரலாறு இதற்கு நல்ல பாடம். 1995இல் 196ஆவதாகத் தேர்வான டெரல் டேவிஸ் 1998இல் 2,008 கஜம் ஓடினார். அடுத்த ஆண்டு அவருக்கு முழங்கால் போனது. நான்காம் சுற்றில் வந்த ஒலாண்டிஸ் கேரி 1,159 கஜம் ஓடினார். அதற்கடுத்த ஆண்டு ஆறாம் சுற்றில் வந்த மைக் ஆண்டர்சன் 1,487 கஜம். ஓடுகிறவர் மாறினார், ஓட்டம் மாறவில்லை. முன்னால் நின்று தடுப்பவர்கள் ஒரே திசையில் சேர்ந்து நகர்ந்து வழி திறந்துவிடும் முறை அந்த அணியினுடையது. எதிராளிகளின் வரிசையில் இடைவெளி விழும் கணத்தைப் பார்த்துத் திரும்பத் தெரிந்த எவரும் அதில் பிழைத்துக்கொள்ளலாம். அந்த முறையோடு ஊறிய கேரி குபியாக் 2006இல் ஹூஸ்டன் அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். இதைக் கவனித்து வைத்திருந்தவர்களுக்கு 2010 ஒரு பொற்காலம்.

ஹூஸ்டனில் 2008இல் 1,282 கஜம் ஓடிய ஸ்டீவ் ஸ்லேட்டன், மறு ஆண்டு பந்தைத் தவறவிட்டுத் தவறவிட்டுக் காயமும் சேர்ந்துகொள்ள 437 கஜத்தில் முடங்கிப்போனார். அந்த இடத்துக்கென்று 2010இல் இரண்டாம் சுற்றில் பென் டேட் தேர்வானார். ஆகஸ்டில் முன்னோட்ட ஆட்டம் ஒன்றில் டேட்டின் கணுக்கால் முறிந்தது, சீசனே போயிற்று. மிச்சமிருந்தவர் ஏரியன் ஃபாஸ்டர், எந்த அணியும் தேர்வு செய்யாமல் விட்டவர். ஆனால் 2009இன் கடைசி ஆட்டத்தில் நியூ இங்கிலாந்துக்கு எதிராக 119 கஜம் ஓடியிருந்தார். அப்போது தொலைக்காட்சியை அணைக்காமல் இருந்தவர்கள் எத்தனை பேரோ! 2010இன் முதல் ஆட்டத்தில் அவர் ஓடியது 231 கஜம். சீசனில் 1,616. லீகில் அவரைவிட அதிகம் ஓடியவர் இல்லை. பந்து பிடித்து முன்னேறியதையும் சேர்த்தால் 2,220 கஜம், 18 டச்டவுன். கற்பனை அணிக் கணக்கில் 330 புள்ளி.

காயத்தால் மட்டும் இடம் காலியாவதில்லை. 2020 ஆகஸ்ட் கடைசியில் ஜாக்சன்வில் அணி லெனார்ட் ஃபோர்னெட்டைத் திடீரென்று விடுவித்தது. யாரும் தேர்வு செய்யாத ஜேம்ஸ் ராபின்சன் அந்த இடத்துக்கு வந்து 1,070 கஜம் ஓடினார். 2021இல் ராம்ஸ் அணி பந்து வீசுகிறவரையே மாற்றியது. மேத்யூ ஸ்டாஃபர்ட் வந்து சேர்ந்தார். அதுவரை நல்லவர், நம்பகமானவர் என்று மட்டும் பெயர் வாங்கியிருந்த கூப்பர் கப்பின் கணக்கு 974 கஜத்திலிருந்து 1,947க்குத் தாவியது.

ஊர் கைவிட்ட ஆளையும் கவனிக்க வேண்டும். 2015இல் கிரீன் பே அணியின் ஜோர்டி நெல்சன் காயமடைந்ததும் டாவன்டே ஆடம்ஸை எல்லாரும் போட்டி போட்டு எடுத்தார்கள். அவர் கணுக்கால் வலியோடு ஆடி 483 கஜம், ஒரே ஒரு டச்டவுனோடு நின்றுபோனார். திட்டித் தீர்த்தார்கள். மறு ஆண்டு சீந்துவாரில்லை. அந்த மறு ஆண்டில்தான் 997 கஜமும் 12 டச்டவுனும் வந்தன. பந்து பிடிப்பவர்கள் மூன்றாம் ஆண்டில்தான் மலர்வார்கள் என்றொரு பழைய நம்பிக்கை உண்டு. ஆடம்ஸுக்கு அது மூன்றாம் ஆண்டு என்பதால் அந்த நம்பிக்கைக்காரர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் முதல் ஆண்டிலேயே 1,400 கஜம் எடுத்த ஜஸ்டின் ஜெஃபர்சனையும், 1,455 எடுத்த ஜமார் சேஸையும் பார்த்த பிறகு அந்த ஜோசியத்தை நம்பிக் காத்திருப்பவர் ஏமாளிதான்.

காலி நாற்காலியே போதும் என்று நினைப்பதும் தவறு. 2014இல் டென்வரில் நோஷான் மொரீனோ மயாமி அணிக்குப் போக, மோன்டி பால் என்ற இளைஞருக்கு இடம் கிடைத்தது. பந்து வீச பெய்ட்டன் மேனிங். இதைவிட நல்ல நாற்காலி ஏது? பத்திரிகைகள் எல்லாம் ஒரே பெயரைச் சொல்லின. விலை முதல் சுற்றுகளுக்கு ஏறிவிட்டது. முகாமில் அவருக்குக் குடல்வால் அறுவைச் சிகிச்சை, பிறகு தொடை இடுக்கில் காயம். ஐந்து ஆட்டங்களில் 172 கஜத்தோடு முடிந்தது. யாரும் தேர்வு செய்யாத சி.ஜே. ஆண்டர்சன் அதே இடத்தில் 849 கஜம் ஓடினார். பாலின் தவறு இதில் என்ன? கணிப்பு தவறியது ஆளைப் பற்றியல்ல, விலையைப் பற்றி. எல்லாரும் கண்டுபிடித்துவிட்ட ஒருவர் அதன் பிறகு கண்டுபிடிப்பு அல்ல. எட்டாம் சுற்றில் எடுத்த ஆள் சொதப்பினால் பெஞ்சில் ஓரிடம் போகும். இரண்டாம் சுற்றில் எடுத்தவர் சொதப்பினால் வருடமே போகும்.

நண்பர்களுக்குள் நடக்கும்வரை போவது ஒரு வருடத்துப் பெருமையும் கொஞ்சம் டாலரும்தான். தினசரிப் பந்தயமாக மாறியபோது கதை வேறாயிற்று. இந்தியாவில் கிரிக்கெட்டை வைத்து வளர்ந்த கற்பனை அணி வியாபாரத்தை, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் ஒரே வாரத்தில் மாற்றியது. ட்ரீம்11 தன் பணப் போட்டிகளை நிறுத்திக்கொண்டது.

ஆனால் பணத்தைவிடக் கூச்சம் தரவேண்டிய ஒன்று இந்த விளையாட்டின் வயிற்றிலேயே இருக்கிறது. கண்டுபிடிப்பு என்று கொண்டாடப்படுவதில் பாதிக்குமேல் வேறொருவரின் எலும்போ தசையோ முறிந்த செய்தி. இதை வெளிப்படையாகச் சொன்னவர் ஃபாஸ்டரேதான். 2011 ஆகஸ்டில் அவருக்கே தொடைத் தசையில் காயம் ஏற்பட்டது. அவர் உடம்பைவிடத் தங்கள் கற்பனை அணியைப் பற்றிக் கவலைப்பட்டு விசாரித்தவர்களுக்கு ட்விட்டரில் பதில் எழுதினார். உண்மையான அக்கறையோடு கேட்டவர்களுக்கு, தேறி வருகிறேன் என்று தகவல். மற்றவர்களுக்கு, உங்கள் புத்திதான் நோயாளி என்ற பொருளில் ஒரு சூடு. இரண்டு ஆண்டுகள் கழித்து, ஒரு நிறுவனம் ஃபாஸ்டரின் வருங்கால வருமானத்தில் 20 சதவீதத்தை ஒரு கோடி டாலருக்குப் பங்குகளாக விற்கத் திட்டம் போட்டது. முதுகில் அறுவைச் சிகிச்சை என்றதும் விற்பனை தள்ளிவைக்கப்பட்டது. கற்பனை நிஜமானபோதும் பாதியில் நின்றது உடம்பால்தான்.

முதன்மை ஆட்டக்காரரோடு அவருக்கு அடுத்திருப்பவரையும் சேர்த்து வைத்துக்கொள்வதற்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் கைவிலங்கு. 2011இல் ஃபாஸ்டருக்குக் கைவிலங்கு அதே பென் டேட். கணுக்கால் தேறி வந்து முதல் ஆட்டத்திலேயே 116 கஜம் ஓடினார். அந்த சீசனில் 942 கஜம். 2014இல் கிளீவ்லண்ட் அணி அவரை முதன்மை இடத்துக்கே அழைத்துக்கொண்டது. அந்த ஆகஸ்டில் பல பட்டியல்களில் அவர் பெயருக்குக் கீழே கோடு போட்டிருந்தார்கள். முதல் ஆட்டத்தில் முழங்காலில் அடிபட்டு அவர் வெளியேற, யாரும் தேர்வு செய்யாத ஐசையா க்ரோவெல் இரண்டு டச்டவுன் எடுத்தார். நவம்பரில் கிளீவ்லண்ட் டேட்டை விடுவித்துவிட்டது.