பிறப்பு சான்றிதழுக்கு ஆபீஸ் ஆபீஸாக அலையும் பெற்றோர்: சிக்கல் எங்கே?

மே மாதம் வந்துவிட்டால் தாலுகா ஆபீஸ், நகராட்சி ஆபீஸ் வாசல்களில் இந்தக் கூட்டத்தைப் பார்க்கலாம். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே ரேஷன் கார்டு ஜெராக்ஸ், ஆதார் ஜெராக்ஸ், தடுப்பூசி அட்டை, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாம் இருக்கும். இல்லாதது ஒன்றே ஒன்றுதான். பிள்ளையின் பிறப்பு சான்றிதழ். "ஸ்கூல்ல கேக்குறாங்க சார், நாளைக்குள்ள வேணும்" என்பார்கள். கிளார்க் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இங்க இல்லையேம்மா, குழந்தை எங்க பிறந்துச்சு?" என்று கேட்பார்.

அந்த ஒரு கேள்வியில்தான் பாதிப் பேருடைய அலைச்சல் ஆரம்பமாகிறது. காரணம், சான்றிதழ் என்பது அங்கே புதிதாகத் தயாரித்துக் கொடுக்கும் காகிதம் இல்லை. ஏதோ ஒரு ஆபீஸில் இருக்கும் பதிவேட்டின் ஒரு வரியை எடுத்து, சரிதான் என்று அதிகாரி சான்று போட்டுத் தருவதுதான் சான்றிதழ். அந்தப் பதிவேடு எந்த ஆபீஸில் இருக்கிறது என்று தெரியாமல் எத்தனை மனு கொடுத்தாலும் பிரயோஜனம் கிடையாது.

குடியிருக்கும் ஊர் கணக்கு இல்லை

1969-ம் ஆண்டு பிறப்பு இறப்பு பதிவுச் சட்டப்படி, குழந்தை எந்த இடத்தில் பிறந்ததோ அந்த எல்லைக்கு உட்பட்ட பதிவாளரிடம்தான் பதிவு. அப்பா, அம்மா எங்கே குடியிருக்கிறார்கள், ரேஷன் கார்டு எந்த ஊரில் இருக்கிறது என்பதெல்லாம் இதில் வராது. ஓடும் பஸ்சிலோ ஆம்புலன்சிலோ பிறந்தால், அந்த வண்டி முதலில் நின்ற இடம்தான் பிறந்த இடம்.

நம் ஊர் வழக்கத்தில்தான் இது குழப்பமாகிறது. உதாரணத்துக்கு, புருஷனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. மனைவிக்குச் சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே. வலி வந்ததும் மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்கள். குழந்தை அங்கே பிறக்கிறது. மூன்றாம் மாசமோ ஐந்தாம் மாசமோ தாயும் பிள்ளையும் திருப்பூர் போய்விடுகிறார்கள். மூன்று வருஷம் கழித்து ஸ்கூலில் கேட்கும்போது அப்பா திருப்பூர் மாநகராட்சியில் விசாரிக்கிறார். தாத்தா ஊரில் கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கிறார். இரண்டு இடத்திலும் இல்லை என்றுதான் பதில் வரும். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. பதிவு மதுரையில் இருக்கிறது.

கிராமத்தில், வீட்டிலேயே பிறந்தால் வி.ஏ.ஓ.தான் பதிவாளர். பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்றால் அந்தந்த அலுவலகத்தின் சுகாதாரப் பிரிவில் கேட்க வேண்டும். தனியார் ஆஸ்பத்திரி என்றால் ஆஸ்பத்திரிக்காரர்களே அந்தப் பகுதிப் பதிவாளருக்குத் தகவல் அனுப்பியாக வேண்டும். அது அவர்கள் கடமை. பழைய பிறப்பு என்றால் இன்னொரு வேலை இருக்கிறது. கிராமப் பதிவேடுகள் வி.ஏ.ஓ. கையிலேயே காலத்துக்கும் இருப்பதில்லை. அவை தாலுகா ஆபீஸுக்கும், சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் போய்விடும். "வி.ஏ.ஓ. இல்லைன்னு சொல்லிட்டாரு" என்று கையை விரித்துவிடாமல் அங்கேயும் கேட்க வேண்டும்.

2018-ல் இருந்து தமிழ்நாடு முழுக்க ஒரே கம்ப்யூட்டர் முறையில் பதிவு நடக்கிறது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு வீட்டில் இருந்தபடியே இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம். கியூஆர் கோடு உள்ள அந்தப் பிரிண்ட் செல்லும். அதில் மறுபடி பச்சை மையில் கையெழுத்து வாங்கி வா என்று யாராவது சொன்னால் சொல்பவருக்குத்தான் விவரம் போதவில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை. அரசாங்க சைட் மாதிரியே இருக்கும் போலி இணையதளங்களில் பணம் கட்டி, பதிவேட்டிலேயே இல்லாத சான்றிதழை வாங்கி ஏமாறுகிறவர்களும் இருக்கிறார்கள். காகிதம் பளபளவென்று இருக்கும். பாஸ்போர்ட் ஆபீஸில் கோடை ஸ்கேன் செய்தால் சாயம் வெளுத்துவிடும்.

21 நாள்

பிறந்த 21 நாளுக்குள் தகவல் கொடுத்துவிட்டால் கட்டணமே இல்லை. பதிவான 7 நாளுக்குள் சான்றிதழை இலவசமாகத் தர வேண்டும் என்றும் 2023-ம் ஆண்டு திருத்தச் சட்டம் சொல்கிறது. 21 நாள் தாண்டி 30 நாளுக்குள் என்றால் தாமதக் கட்டணம். 30 நாள் தாண்டி ஒரு வருஷத்துக்குள் என்றால், அதிகாரம் பெற்ற அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். ஒரு வருஷமும் தாண்டிவிட்டால் முன்பு மாஜிஸ்திரேட் கோர்ட்டுப் படி ஏற வேண்டியிருந்தது. இப்போது ஆர்.டி.ஓ.விடம் மனு போட்டு உத்தரவு வாங்க வேண்டும்.

அந்த மனுவோடு முதலில் வைக்க வேண்டியது "பதிவேட்டில் இல்லை" என்ற சான்று. பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். இல்லை என்பதற்கும் சர்டிபிகேட்டா? ஆமாம். பிறந்த இடத்துப் பதிவாளர் தேடிப் பார்த்து, இந்தப் பிறப்பு பதிவாகவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தேடுவதற்கு ஒரு கட்டணம் உண்டு. எந்த வருஷம் என்று சரியாகத் தெரியாமல், "ஒரு நாலஞ்சு வருஷம் பாருங்க சார்" என்றால் கூடும் ஒவ்வொரு வருஷத்துக்கும் கட்டணமும் கூடும்.

இதில் அதிகம் அடிபடுவது செங்கல் சூளை, கரும்பு வெட்டு, கட்டட வேலை என்று ஊர் விட்டு ஊர் போகும் குடும்பங்கள்தான். பிறந்தது ஒரு மாவட்டம், பிழைப்பு இன்னொரு மாவட்டம். ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு ஒரு நாள் போக வேண்டுமானால் ஒரு நாள் கூலியும் போச்சு, பஸ் செலவும் ஆச்சு. சட்டத்தில் கட்டணம் நூறு, இருநூறு கணக்கில்தான். உண்மையான செலவு அலைச்சலில் போவதுதான்.

இன்னொரு விஷயம். கர்ப்பிணியாக இருக்கும்போதே கிராம சுகாதார நர்சிடம் பெயரைப் பதிவு செய்து 12 இலக்க எண் வாங்கியிருக்க வேண்டும். 2017-ல் இருந்து தமிழ்நாட்டில் பிறப்பைப் பதிவு செய்ய இந்த எண்ணைக் கேட்கிறார்கள். ஆரம்பம் முதல் தனியார் ஆஸ்பத்திரியிலேயே காட்டியவர்கள் இதை விட்டுவிட்டுக் கடைசி நேரத்தில் ஓடுகிறார்கள்.

பெயர் இல்லாத சான்றிதழ்

பெரிய தலைவலி இதுதான். ஆஸ்பத்திரியில் பதிவு செய்யும்போது பிள்ளைக்குப் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். பதினாறாம் நாள், முப்பதாம் நாள், குலதெய்வம் கோவிலில் மொட்டை போட்ட பிறகு என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வழக்கம். அதனால் சான்றிதழில் பெயர் என்ற இடம் காலியாகவே வந்துவிடும். அதையும் பத்திரமாக லேமினேஷன் செய்து பீரோவில் வைத்திருப்பார்கள். ஸ்கூலிலோ பாஸ்போர்ட்டிலோ நீட்டும்போதுதான் விஷயம் தெரியும்.

பதிவான நாளில் இருந்து ஒரு வருஷத்துக்குள் பெயர் சேர்த்தால் கட்டணம் இல்லை. அதற்கு மேல் 15 வருஷம் வரை 200 ரூபாய் கட்டிச் சேர்க்கலாம். 2000-ம் ஆண்டுக்கு முன் பதிவானவர்களுக்கு 2014 கடைசியோடு அவகாசம் முடிந்திருக்க வேண்டும். 2019 டிசம்பர் வரை நீட்டித்தார்கள். மறுபடியும் 2024 டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள். ஒவ்வொரு முறையும் கடைசி வாரத்தில் கூட்டம் அலைமோதியது. இத்தனை முறை நீட்டிக்க வேண்டி வந்ததே, தகவல் ஜனங்களிடம் போய்ச் சேரவில்லை என்பதற்கு அத்தாட்சி. குழந்தைக்கு மூன்று தவணை தடுப்பூசி போட வரும்போதெல்லாம் "பெயர் சேத்தாச்சாம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும்.

பெயரைச் சேர்க்கும் முன் வீட்டில் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்துவிடுவது நல்லது. ஒருமுறை பதிந்த பெயரை மாற்ற முடியாது என்றுதான் பதிவாளர்கள் சொல்வார்கள். அப்புறம் நியூமராலஜி பார்த்தோம், ஒரு எழுத்து கூட்டணும், கடைசியில் ஒரு "எச்" போடணும் என்று போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எழுத்துப் பிழை வேறு சங்கதி. ஆதாரில் ஒரு ஸ்பெல்லிங், சான்றிதழில் ஒரு ஸ்பெல்லிங் என்று அப்பா பெயர் இருந்தால் ஆதாரத்தோடு திருத்தக் கேட்கலாம். பதிவேட்டில் பழைய எழுத்தை அழிக்க மாட்டார்கள். ஓரத்தில் திருத்தத்தை எழுதிப் பதிவாளர் தேதியோடு கையெழுத்துப் போடுவார். இனிஷியல் விஷயத்திலும் கவனம் வேண்டும். நமக்கு "மு" என்று ஒரு எழுத்து போதும். பாஸ்போர்ட்டில் அது என்ன "மு" என்று விரித்துக் கேட்பார்கள். ஆஸ்பத்திரியில் படிவத்தை நீட்டும்போது அவசரத்தில் கையெழுத்துப் போடாமல் பெயர், தேதி, முகவரியை ஒரு தடவை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டால் பிற்பாடு பல நடை மிச்சம்.

தலையைச் சுற்றிக் காதைத் தொட்ட காலம்

முன்பெல்லாம் யாரும் சான்றிதழ் கேட்கவில்லையே, இப்போது மட்டும் ஏன் இத்தனை கெடுபிடி என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டு போய் இடது காதைத் தொட்டால் ஒன்றாம் வகுப்பு. பிறந்த தேதியை வாத்தியாரே பார்த்து மே என்றோ ஜூன் என்றோ எழுதிக்கொள்வார். தமிழ்நாட்டில் அந்தத் தலைமுறையில் பாதிப் பேருக்கு மே, ஜூனில் பிறந்தநாள் வருவது இப்படித்தான். அந்த ஸ்கூல் சர்டிபிகேட்டை வைத்தே வேலைக்குப் போய் ரிட்டயரும் ஆகிவிட்டார்கள்.

அந்தக் கதவு இப்போது சாத்தப்பட்டுவிட்டது. 2023 அக்டோபர் 1-ந்தேதி அமலுக்கு வந்த திருத்தச் சட்டப்படி, அன்றைக்கோ அதற்குப் பிறகோ பிறந்த பிள்ளைகளுக்கு ஸ்கூல் சேர்க்கை, டிரைவிங் லைசென்ஸ், வாக்காளர் பட்டியல், கல்யாணப் பதிவு, அரசு வேலை, ஆதார் என எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு பிறப்பு சான்றிதழ்தான் ஆதாரம். பாஸ்போர்ட் விதிகளையும் 2025 பிப்ரவரியில் அதற்கேற்ப மாற்றிவிட்டார்கள். அதற்கு முன் பிறந்தவர்கள் பயப்பட வேண்டாம். அவர்களுக்கு ஸ்கூல் டி.சி., பான் கார்டு போன்ற மற்ற ஆதாரங்களும் பாஸ்போர்ட்டுக்குச் செல்லும்.

ஒரே காகிதத்தில் எல்லாம் முடிகிறது என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒரே காகிதத்தில் ஒரு எழுத்து தப்பினால் எல்லாக் கவுண்டரிலும் தப்புதான். மாற்றுக்கு வேறு ஆதாரம் கிடையாது. பிரசவ வார்டு வாசலில், தூக்கம் இல்லாமல் நிற்கும் ஒரு அப்பாவிடம் அவசரமாகக் கேட்டு எழுதிய ஒரு வரி, அந்தப் பிள்ளை வேலைக்குப் போகும் வரை கூடவே வரப் போகிறது. அங்கே எழுதுகிறவருக்கு அது அன்றைக்கு எழுதிய படிவங்களில் ஒன்று மட்டுமே.

கேட்டு வாங்க வேண்டியது

மனுவில் அப்பா, அம்மா பெயர், பிறந்த தேதி, ஆணா பெண்ணா, ஆஸ்பத்திரி பெயர் அல்லது வீட்டு முகவரி, பதிவு எண் தெரிந்தால் அதுவும் எழுத வேண்டும். பணம் கட்டினால் ரசீது கேட்டு வாங்குங்கள். எத்தனை நகல் வேண்டும் என்று கேட்பார்கள். ஒன்று போதும் என்று சொல்லாமல் இரண்டு மூன்றாக வாங்கிவிடுவது நல்லது. வாசலில் நிற்கும் புரோக்கர் ஆயிரம், இரண்டாயிரம் கேட்டு வாங்கித் தருவதும் இதே சான்றிதழைத்தான்.

மனுவை வாங்க மறுத்தாலோ, காரணம் சொல்லாமல் "நாளைக்கு வாங்க" என்று இழுத்தடித்தாலோ இப்போது ஒரு வழி இருக்கிறது. பதிவாளரின் முடிவில் குறை இருந்தால் 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் அப்பீல் செய்யலாம். அவர் 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று திருத்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அதற்குக் கையில் ஏதாவது எழுத்து வேண்டும். எனவே வாய்ச் சொல்லோடு திரும்பி வராமல், மனுவின் நகலில் தேதியும் சீலும் போட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.