வேகத்தின் விலை

குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்குக் கால்மணி ஓட்டம். நெடுந்தீவுக்கு மரப்படகில் ஏறத்தாழ ஒரு மணிநேரம். பழைய மோட்டார் படகு தேடுபவர் விலை பேசுமுன் இவற்றில் எது தன் வழி என்று தீர்மானித்துவிட வேண்டும். நீரைத் தள்ளிக்கொண்டு போகும் கனத்த மரப்படகின் வேகம் அதன் நீர்மட்ட நீளத்துக்குக் கட்டுப்பட்டது. அடிக்கணக்கில் அந்த நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் எல்லை தெரியும்: 36 அடிக்கு மணிக்குச் சுமார் 8 கடல்மைல். அதற்குமேல் குதிரைவலுவைக் கூட்டினால் டீசல்தான் கரையும். பைபர் படகு வேறு சாதி. வெளியிணைப்பு இயந்திரம் தள்ள, அணியத்தைத் தூக்கி நீர்மேல் வழுக்கி ஓடும். சோளகக் காற்று எழுந்தால் அதுவும் அடங்கித்தான் போகும். நயினாதீவுப் பயணத்தில் அந்த வேகம் மிச்சம்பிடிப்பது சில நிமிடங்களே. அதற்கு அத்தனை எரிபொருள் வீண். நெடுந்தீவிலிருந்து நோயாளியை ஏற்றிவரும் படகுக்கு மட்டும் அந்தச் செலவு தகும்.

பழைய பைபரில் புதுப்பூச்சு எதையும் மறைக்கும். எஞ்சின் தொங்கும் பின்பலகையைச் சிறு சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் உள்ளிருக்கும் ஒட்டுப்பலகை ஊறியிருக்கக்கூடும். எஞ்சினை ஓடவிட்டு, பின்னால் பீச்சும் குளிர்நீரையும் பார்க்க வேண்டும். தாரை மெலிந்திருந்தால் நீர்ப்பம்பு தேய்ந்திருக்கலாம், அல்லது குழாயில் உப்பு அடைத்திருக்கலாம். அந்தச் செலவைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும்.