நூடுல்ஸுக்குச் சாதி இல்லை, வண்டிக்காரருக்கு?

"அம்பேத்கரும் பெரியாரும் விட்ட இடத்திலிருந்து பாஸ்ட் ஃபுட் வண்டி வேலையைத் தொடங்கிடுச்சு. இப்போ யாருங்க சமைச்சவன் சாதியைக் கேக்கிறாங்க?"

அண்மையில் ஒரு கூட்டத்தில் முற்போக்கு நண்பர் ஒருவர் இப்படிப் பேசினார். கைதட்டலும் வாங்கினார். திருத்தணியில் நூடுல்ஸ் சாப்பிடாதவளாக இருந்திருந்தால் நானும் கை தட்டியிருப்பேன்.

களப்பணிக்காக வாரத்தில் மூன்று நாள் திருத்தணிப் பக்கம் போகிறேன். செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் வேலை செய்யும் இருளர் குடும்பங்கள், விசைத்தறி ஓட்டும் வீட்டுப் பிள்ளைகள் என்று ஊர் ஊராகச் சுற்றி முடிக்கும்போது இருட்டிவிடும். மதியச் சாப்பாடு பெரும்பாலும் கிடையாது. அதனால் பஸ் வருவதற்குள் ஏதாவது ஒரு வண்டியில் ஒரு பிளேட் நூடுல்ஸ். இப்படியே சில மாதங்களில் அந்தப் பக்கம் நிற்கும் வண்டிகள் பலவற்றில் சாப்பிட்டுப் பார்த்துவிட்டேன்.

ஒரு வண்டியில் பச்சை மிளகாயும் பூண்டும் தூக்கலாக இருக்கும். நகரி, புத்தூர் பக்கம் போகிறவர்கள் "அன்னா, காரம் எக்குவ" என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். இன்னொன்றில் முட்டை அதிகம், மிளகுத்தூளும் அதிகம். மூன்றாவது வண்டிதான் என் வண்டி. அங்கே நூடுல்ஸ் ஒன்றோடொன்று ஒட்டாது. வேகவைத்ததும் பச்சைத் தண்ணீரில் அலசி, எண்ணெய் தடவி ஆறவிட்டு, ஆள் வந்த பிறகு ஒரு நேரத்தில் இரண்டு பிளேட்டுக்கு மேல் போடாமல் பெருந்தீயில் புரட்டினால்தான் அப்படி வரும். கடாயை நிரப்பிவிட்டால் சூடு இறங்கிக் களியாகிவிடும். அந்தத் தம்பி எவ்வளவு கூட்டம் நின்றாலும் இரண்டு பிளேட்தான் போடுவான். கோஸில் கடிபடும் பதம் இருக்கும். கடாய் புகையின் வாசம் கடைசி வாய் வரைக்கும் நிற்கும்.

வண்டியில் ஒரு டிராகன் படம், 'சைனீஸ் பாஸ்ட் ஃபுட்' என்ற எழுத்து. அவ்வளவுதான். சொந்தப் பெயர் இல்லை, ஊர்ப் பெயர் இல்லை.

இதை நண்பர்கள் சாதி ஒழிப்பு என்கிறார்கள். எனக்கு இது தலைமறைவு வாழ்க்கையாகத்தான் தெரிகிறது.

தமிழ்நாட்டில் ஒரு சுற்றுப் போய் உணவுக்கடைப் பலகைகளைப் படித்துப் பாருங்கள். அய்யர் மெஸ், ஐயங்கார் பேக்கரி, முதலியார் மெஸ், கவுண்டர் மெஸ், ரெட்டி மெஸ். சாதிப் பெயரே அங்கே சுவைக்கும் சுத்தத்துக்கும் முத்திரை. 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து கைதானார்கள். ஒரு சொல்லை எடுக்கவே அவ்வளவு பாடு. இன்று பறையர் மெஸ் என்றோ அருந்ததியர் டிபன் சென்டர் என்றோ எங்காவது ஒரு பலகை பார்த்திருக்கிறீர்களா? மற்றவர்கள் தங்கள் சாதியை வாசலில் எழுதி வைத்துச் சம்பாதிக்கிறார்கள். நம் பிள்ளைகள் டிராகனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சம்பாதிக்கிறார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

அந்தத் தம்பி பக்கத்துக் கிராமத்துக் காலனிக்காரன். பன்னிரண்டாவது முடித்துவிட்டுச் சென்னையில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவப் போனான். அங்கே நேபாளத்துக்காரர் ஒருவரிடம் கடாய் பிடிக்கக் கற்று மாஸ்டர் ஆனான். ஊரடங்கில் வேலை போனது. ஊர் திரும்பி, அம்மாவின் நகையை அடகு வைத்து வண்டி போட்டான். அவன் ஊர்ப் பெரிய தெருக்காரர்களே திருத்தணிக்கு வந்தால் அவன் வண்டியில்தான் சாப்பிடுகிறார்கள். அவன் யார், எந்தத் தெரு என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். தெரியாத மாதிரி சாப்பிட டவுன் இடம் கொடுக்கிறது, சாப்பிடுகிறார்கள்.

போன ஆடியில் அவன் ஊரில் கெங்கையம்மன் ஜாத்திரை. மூன்று நாள் கூட்டம், நல்ல வியாபாரம். வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்த அனுமதி கேட்டான். பதில் சொன்னவர் வாரத்துக்கு இரண்டு முறை அவனிடம் சிக்கன் நூடுல்ஸ் வாங்குகிறவர்.

"நம்ம தம்பிதான். நாங்களே அங்க வந்து துன்றோம். ஆனா இது அம்மன் விசேஷம், நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. நீ பொம்மை, பலூன் கடை போட்டுக்கோ. தரை வாடகைகூட வாணாம்."

பிளாஸ்டிக் துப்பாக்கிக்குத் தீட்டு இல்லை. வெந்த மாவுக்கு உண்டு.

இதைச் சொல்லும்போது அவன் அழவில்லை, கோபப்படவும் இல்லை. கடாயைச் சுரண்டிக்கொண்டே சொன்னான்: "கடாய் அதேதான்க்கா. நானும் அதேதான். ரோடுதான் வேற."

எம்.ஏ. வகுப்பில் 'உடனுண்ணல்' என்று ஒரு பாடம் படித்தேன். யார் யாரிடம் எதை வாங்கிச் சாப்பிடலாம் என்பதை வைத்துச் சாதிப் படிநிலையை அளக்கலாம் என்பது அதன் சாரம். அந்தத் தம்பி ஒற்றை வரியில் சொன்னதைச் சொல்ல அந்தப் பாடத்துக்கு ஒரு பருவம் தேவைப்பட்டது.

அந்த ஊர் நாட்டாமைகளின் சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் கடைகளிலும் உணவகங்களிலும் தீண்டாமை காட்டுவதைக் குற்றம் என்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், ஒரு தலித் தொழிலோ வணிகமோ செய்வதைத் தடுப்பதைக் குற்றம் என்கிறது. ஆனால் இவர்கள் எங்கே தடுத்தார்கள்? வாடகைகூட வேண்டாம் என்றல்லவா சொன்னார்கள்! இரட்டைக் குவளை என்றால் படம் பிடிக்கலாம், புகார் கொடுக்கலாம். 'பொம்மைக் கடை போட்டுக்கோ' என்ற அன்பான ஆலோசனையை எந்தக் காவல் நிலையத்தில் பதிவது?

இந்த நூடுல்ஸ் நம்மிடம் வந்துசேர்ந்த வழியையும் நண்பர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மெனுவில் ஹக்கா நூடுல்ஸ் என்று படிக்கிறோமே, ஹக்கா என்பது சமையல் முறை அல்ல, ஒரு மக்கள். சீனாவின் தெற்கிலிருந்து கல்கத்தா வந்து குடியேறியவர்களில் ஒரு பிரிவினர். அவர்களில் பலர் டாங்க்ரா பகுதியில் தோல் பதனிடும் தொழிலில் இறங்கினார்கள். ஏன் அந்தத் தொழில்? தோலைத் தொட்டால் தீட்டு என்று ஆதிக்க சாதிகள் ஒதுங்கியதால் அந்த இடம் காலியாகக் கிடந்தது. முதலாளி சீனர் என்றால், தொட்டியில் இறங்கித் தோலை மிதித்தவர்களில் பெரும்பகுதி பீகாரிலிருந்து வந்த சமார் தொழிலாளர்கள். 1962 போரின்போது இந்தியச் சீனர்கள் ஆயிரக்கணக்கில் ராஜஸ்தானின் தேவ்லி முகாமுக்குக் கொண்டுபோய் அடைக்கப்பட்டார்கள். 1996இல் தோல் ஆலைகளை நகருக்கு வெளியே மாற்ற உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆலைகள் போன இடத்தில் உணவகங்கள் பெருகின. இன்று கல்கத்தாவில் நல்ல சீனச் சாப்பாடு வேண்டுமென்றால் டாங்க்ராவுக்குத்தான் போகச் சொல்கிறார்கள்.

ஆக, இந்தியாவுக்கு நூடுல்ஸ் தந்த தெருக்களில் ஒன்று தோல் நாற்றமடித்த தெரு. நம் பக்கத்து ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு அந்த நாற்றத்தை விளக்க வேண்டியதில்லை. தீட்டு என்று நீங்கள் ஒதுக்கிய இடத்தில்தான் உங்கள் நாக்குக்குப் பிடித்தது வெந்தது. அந்த வரலாறு அழிந்து, பெயர் மட்டும் மெனுவில் மிஞ்சியதால்தான் அது எல்லாத் தட்டுக்கும் வருகிறது. நம் பெயர் தெரிந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் பள்ளியையே முடக்கினார்கள். 2022இல் ஆம்பூர் பிரியாணித் திருவிழா அறிவித்த மாவட்ட நிர்வாகம் மாட்டிறைச்சி பிரியாணியை வெளியே நிறுத்தியது. மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. திருவிழா மழையைக் காரணம் காட்டித் தள்ளிப்போனது.

இடியாப்பமும் பிழிந்த மாவுதான், நூடுல்ஸும் இழுத்த மாவுதான். ஒன்று உங்கள் வீட்டுச் சமையல், அதனால் பிழிந்த கையைப் பார்ப்பீர்கள். மற்றது வெளியூர்ப் பண்டம், அதனால் கையைப் பார்க்க மாட்டீர்கள். அப்படியென்றால் நூடுல்ஸ் சாதியைக் கடக்கவில்லை. சாதிக்கு இன்னும் அதன் முகவரி சரியாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

'சாதியை அழித்தொழிக்கும் வழி' உரையை அம்பேத்கர் எழுதியது 1936இல். சமபந்தியால் மட்டும் சாதி போகாது, சாதியைப் புனிதமாக்கும் நம்பிக்கை உடைய வேண்டும், சாதி கடந்த திருமணம் வேண்டும் என்று அதில் வாதிட்டார். அவர் பேசியது ஒருவருக்கொருவர் யாரென்று தெரிந்தே உட்கார்ந்து உண்ணும் சமபந்தியைப் பற்றி. அதுவே போதாது என்றார். தெரியாத மாதிரி நின்றுகொண்டு தின்றுவிட்டுப் போவதற்கு நாம் விழா எடுக்கிறோம்!

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்கு வண்டி என்றாலே குப்பை, அஜினோமோட்டோ, நோய். கோயில் ஊரின் 'புனிதத்துக்கு' வண்டிகள் இடைஞ்சல். சுத்தம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குடிநீர்க் குழாயும் கழிவுநீர்த் தொட்டியும் கொடுத்துவிட்டுச் சுத்தத்தைக் கேளுங்கள் என்கிறேன். 2015 ஜூனில் மேகி நூடுல்ஸுக்கு நாடு முழுக்கத் தடை வந்தது. அந்த நிறுவனம் மும்பை உயர் நீதிமன்றம் போனது. தங்கள் தரப்பைக் கேட்காமல் தடைசெய்தது இயற்கை நீதிக்கு எதிரானது என்று ஆகஸ்டில் தீர்ப்பு வாங்கியது. மறுசோதனைக்குப் பிறகு அந்த ஆண்டே கடைக்குத் திரும்பியது. பன்னாட்டு நிறுவனத்தின் பாக்கெட்டுக்குக் கிடைத்த இயற்கை நீதி, சொந்த ஊர்க்காரனின் தள்ளுவண்டிக்கு எங்கே கிடைக்கிறது? அடுப்பைத் தூக்கி லாரியில் போடுகிறவர் எந்த ஊரில் அவன் தரப்பைக் கேட்டிருக்கிறார்?

சட்டம் இல்லாமல் இல்லை. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. மக்கள்தொகையில் இரண்டரை சதவீதம் வரை வியாபாரிகளுக்கு இடம் தர வேண்டும். ஏறத்தாழ 45 ஆயிரம் பேர் வாழும் ஊர் என்று வைத்தால்கூட ஆயிரம் பேருக்கு மேல். சான்றிதழ் வழங்குவதில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை உண்டு. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும், அதிலும் நமக்குப் பிரதிநிதித்துவம் வேண்டும். பறிமுதல் செய்த பொருள் கெட்டுப்போகும் பொருள் என்றால், கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும்.

இதில் எதுவும் அந்தத் தம்பிக்குத் தெரியாது. என் பையில் இருந்த தாளில் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, "இது இருந்தா வண்டியில என் பேர எழுதலாமாக்கா?" என்று கேட்டான்.

எனக்குப் பதில் வரவில்லை. சான்றிதழ் அவனுக்கு ரோட்டில் இடம் தரும். பெயரை எழுதினால் கூட்டம் நிற்குமா என்பதைச் சட்டம் சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் வரிசையில் நிற்கும் நீங்கள்தான்.

ஆகவே கைதட்டிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். திருத்தணியில் நூடுல்ஸ் சாப்பிட்டதைச் சாதி ஒழிப்புக் கணக்கில் எழுதாதீர்கள். உங்கள் ஊர் ஜாத்திரையில் காலனிப் பிள்ளையின் வண்டி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் விழாக் குழுவிடம் ஏன் என்று கேளுங்கள். அவர்கள் உங்கள் மாமாவாகவும் சித்தப்பாவாகவும்தான் இருப்பார்கள். கேட்பதற்கு உங்களுக்குக் காவல் பாதுகாப்பு தேவைப்படாது, எங்களுக்குத்தான் தேவைப்படும். உங்கள் வீட்டுக் கல்யாணப் பந்திக்கு அவனைச் சமைக்கக் கூப்பிடுங்கள். நூடுல்ஸ் வேண்டாம், இடியாப்பம் பிழியச் சொல்லுங்கள். பிழிந்தது யார் என்று மைக்கில் பெயர் சொல்லி நன்றி சொல்லுங்கள். எழுந்து போகிறவர்கள் போகட்டும்.

உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களை எண்ணிவிட்டு வந்து மேடையில் பேசுங்கள். அன்றைக்கு நானும் கை தட்டுகிறேன்.

ஜெய் பீம்.