நிருபருக்கு முதலில் சம்பளம் கொடுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில் எழுதுகிறேன். பிழை இருந்தால் "டீச்சரே தப்பு விட்டுட்டாங்க" என்று கமெண்டில் சிரிக்காதீர்கள்.

போன வாரம் கும்மிடிப்பூண்டி பஜாரில் என் பழைய மாணவன் ஒருவனைப் பார்த்தேன். பெயர் வேண்டாம். 16 வருடம் ஒரு நாளிதழுக்குத் தாலுகா நிருபராக இருந்தவன். இப்போது கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. சிப்காட்டில் ஒரு கம்பெனி ஸ்டோரில் சேர்ந்துவிட்டானாம். "பேப்பர் வேலை என்னப்பா ஆச்சு?" என்றேன். "விட்டுட்டேன் டீச்சர். இங்க பி.எஃப். பிடிக்கிறாங்க" என்றான். நாற்பது வயது தாண்டியவன், பி.எஃப். பிடிக்கிறார்கள் என்று ஏதோ லாட்டரி விழுந்ததுபோல் சொல்கிறான்.

பள்ளியில் நன்றாக உயரம் தாண்டுவான். விளையாட்டு நிருபர் ஆக வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. தாலுகாவில் விளையாட்டுக்கென்று தனி நிருபர் ஏது? விபத்து, கோயில் தேர், கலெக்டர் ஆய்வு எல்லாம் ஒரே ஆள்தான். 2024 அக்டோபர் 11 அன்று கவரைப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸ் சரக்கு ரயிலில் மோதிய இரவு, விடியும்வரை தண்டவாளத்தோரம் நின்றான். மறுநாள் யாரும் கேட்காமலே கபடிப் போட்டிக்கும் போய் ஸ்கோர் எழுதிக்கொண்டு வந்தான்.

இதற்கெல்லாம் அவனுக்குக் கிடைத்தது மாதம் 1,500 ரூபாய். அதுவும் சம்பளம் இல்லையாம், பெட்ரோல் படியாம். ஆனால் பொங்கல் மலர், ஆண்டு விழா மலர் வந்தால் விளம்பர டார்கெட் மட்டும் சரியாக வந்துவிடும். சிப்காட் கம்பெனி ஒவ்வொன்றின் வாசலிலும் செக்யூரிட்டியிடம் கெஞ்சிக்கொண்டு நிற்பான். ஒரு முறை, பிள்ளைகள் விளையாடும் மைதானத்தில் ஒரு கம்பெனியின் லாரிகளை நிறுத்துவதை எழுதி அனுப்பினான். செய்தி வரவில்லை. அந்தக் கம்பெனியின் கால்பக்க விளம்பரம் வந்தது. அதை வாங்கிக் கொடுத்ததும் அவனேதான் என்று சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் 1955இலேயே வந்தது. இப்போது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரையை 2011 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. முதலாளிகள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2014 பிப்ரவரியில் தோற்றார்கள். ஆனாலும் தாலுகா நிருபருக்கு ஒரு பைசா வரவில்லை. பத்திரிகையையே முதன்மைத் தொழிலாகக் கொண்டவர்தான் பத்திரிகையாளர் என்பது சட்டத்தின் விளக்கம். "பகுதி நேரம்" என்று ஒரு முத்திரை குத்திவிட்டால் தீர்ந்தது கதை. 16 வருடம் இரவில்கூட போனை அணைக்காத பகுதி நேர ஊழியன்!

"இப்ப எதுக்கு டீச்சர் நிருபர்? எல்லாம் வாட்ஸ்அப்ல வந்துடுதே" என்கிறார்கள். அவர்களுக்காக ஒரு கதை சொல்கிறேன்.

2009. நான் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. உடற்கல்வி ஆசிரியர் கிடையாது, அந்த வேலையும் நான்தான். எங்கள் பெண்கள் கோகோ அணி குறுவட்டப் போட்டியில் ஜெயித்தது. இந்தப் பையன் வந்து பார்த்து எழுதினான். மறுநாள் நாலு வரி வந்தது. அதில் கேப்டன் பெயர் தப்பு! அவள் அப்பா செங்கல் சூளையில் வேலை செய்பவர், படிக்கத் தெரியாதவர். பக்கத்து வீட்டுக்காரர் படித்துக் காட்டியிருக்கிறார். பேப்பரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பள்ளிக்கே வந்துவிட்டார். "என் பொண்ணு ஓடுன ஓட்டத்துக்கு வேற எவளோ பேரு போடுவானா?" நான் போன் செய்தேன். பையன் 12 கிலோமீட்டர் பைக்கில் வந்து, அவர் முன்னால் கைகட்டி நின்று, "தப்புதான் ஐயா, நாளைக்குத் திருத்தம் வரும்" என்றான். வந்தது. எட்டாவதோடு நிறுத்துவதாக இருந்த பெண்ணை அவர் ஒன்பதாவதில் சேர்த்தார். பேப்பரால்தான் சேர்த்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு துண்டுகளையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு டி.சி.யோடு எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன்.

வாட்ஸ்அப்பில் தப்பு வந்தால் அந்த மனிதர் யாரிடம் போய்க் கேட்பார்? போன வருடம் எங்கள் பக்கம் ஒரு கபடிப் போட்டி. கடைசி நிமிடத்தில் தகராறு. மறுநாள் இரண்டு ஊர்க்காரர்களுமே கோப்பையோடு ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்கள்! இரண்டு ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் வாழ்த்து மழை. யார் ஜெயித்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஜெயித்தவனே எழுதி, ஜெயித்தவனே படம் போட்டால் அது அறிவிப்பு. இரண்டு பக்கமும் சாராத ஒருவன் வெயிலில் நின்று பார்த்து எழுதினால்தான் செய்தி.

1934 நவம்பர் 4, சேப்பாக்கம். முதல் ரஞ்சிப் போட்டி, சென்னையும் மைசூரும். முதல் பந்தை வீசியவர் எம்.ஜே.கோபாலன், நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்து மொறப்பாக்கத்தில் பிறந்தவர். ராம்சிங் 11 விக்கெட் எடுத்தார், ஒரே நாளில் ஆட்டம் முடிந்துவிட்டது. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? அன்று யாரோ பெஞ்சில் உட்கார்ந்து பந்துக்குப் பந்து குறித்திருக்கிறார்கள். நம் குறுவட்டத்துக்கு அந்தப் பெஞ்ச் காலி.

திருவள்ளூர் மாவட்டத்து மனிஷா ராமதாஸ் 2022இல் டோக்கியோவில் பாரா பேட்மிண்டன் உலக சாம்பியன், 2024இல் பாரிஸ் பாராலிம்பிக்கில் வெண்கலம். நமக்கெல்லாம் பெருமை. பதக்கம் வந்தபிறகு மைக்கோடு ஓடி வர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பதக்கத்துக்குப் பத்து வருடம் முன்னால், பழவேற்காட்டிலோ பள்ளிப்பட்டிலோ வெறுங்காலில் ஓடும் பிள்ளையின் பெயரைப் பிழையில்லாமல் எழுத ஒரு ஆள் வேண்டுமே, அவனுக்குத்தான் 1,500 ரூபாய்.

முதலாளிகள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். காகித விலை ஏறியது உண்மை. 2019இல் இறக்குமதிக் காகிதத்துக்கு 10 சதவீத சுங்க வரி போட்டார்கள், அடுத்த வருடம் 5 ஆகக் குறைத்தார்கள். கொரோனாவில் விளம்பரம் படுத்துவிட்டது. நியூயார்க் டைம்ஸே 2023இல் தன் விளையாட்டுப் பிரிவைக் கலைத்தது. ஆனால் அங்கே இருந்தவர்களுக்கு வேறு பிரிவில் இடம் கொடுத்தார்கள். நம் தாலுகாவில் கலைப்பதற்குப் பிரிவே கிடையாது.

நஷ்டம் என்றால் எதை முதலில் வெட்டுகிறீர்கள்? ஐ.பி.எல். ஒரு முழுப் பக்கம் வருகிறது. அதை நேற்று ராத்திரியே என் பேரன் போனில் பார்த்து முடித்துவிட்டான். ஏஜென்சி அனுப்பும் அதே செய்திதான் எல்லாப் பேப்பரிலும். பொன்னேரி குறுவட்டத்தில் 800 மீட்டரில் யார் முதலில் வந்தது என்பது உலகத்தில் வேறு எங்கும் கிடைக்காது, உங்கள் பேப்பரில் மட்டும்தான் கிடைக்கும். அதைத்தான் "இடமில்லை" என்று தூக்கிப் போடுகிறீர்கள். எல்லாக் கடையிலும் விற்கும் சரக்கை வைத்துக்கொண்டு, தன் கடையில் மட்டும் உள்ளதைக் குப்பையில் போடும் வியாபாரியை நான் பார்த்ததில்லை.

சிப்காட் கம்பெனிகளுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகளுக்கு உங்கள் பெயர் போட்ட ஜெர்சி கொடுக்கிறீர்கள், நன்றி. பேப்பருக்கு விளம்பரம் கொடுப்பதென்றால் அலுவலகத்துக்கு நேராகக் கொடுங்கள். நிருபனை வாசலில் நிற்க வைக்காதீர்கள். இன்று உங்களிடம் கையேந்தியவன் நாளைக்கு உங்கள் லாரியைப் பற்றி எப்படி எழுதுவான்?

நானும் யோக்கியம் இல்லை. கொரோனா வந்ததும் பேப்பரை நிறுத்தினேன். பென்ஷன் மாதாமாதம் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் 2 வருடம் திரும்பப் போடவில்லை. போன் ரீசார்ஜை ஒரு நாள் தள்ளிப்போட்டதில்லை. "நம்ம ஸ்கூல் நியூஸ் போடுப்பா" என்று அவனிடம் உரிமையோடு கேட்டவள், அந்தப் பேப்பரைக் காசு கொடுத்து வாங்கினேனா என்று அவன் ஒரு நாளும் கேட்டதில்லை.

நேற்று அந்தப் பேப்பர் ஏஜென்டிடம் போனேன். சந்தா கட்டிவிட்டு, "நம்ம தாலுகாவுக்குப் புது நிருபர் யாருங்க? குறுவட்டம் வரப்போகுதே" என்று கேட்டேன்.

"ஆள் தேடிட்டிருக்காங்க டீச்சர். சொந்த பைக் இருக்கணும், விளம்பரம் பிடிக்கத் தெரியணும். உங்களுக்குத் தெரிஞ்ச பையன் யாராவது இருக்கானா?" என்றார்.