குப்பைக் கணக்கில் சாதி இல்லையாம்

சென்னை மாநகராட்சி பட்ஜெட்டில் வடிகால் உண்டு, சாலை உண்டு, பூங்கா உண்டு. சாதி மட்டும் கிடையாது. ‘திடக்கழிவு மேலாண்மை’ என்கிற சுத்தமான தலைப்புக்குள்ளே சேரியையே மடிச்சு வச்சிருக்கானுங்க.

2000இல் ஓனிக்ஸ் வந்தது. பிறகு நீல் மெட்டல், ராம்கி. கம்பெனிதான் மாறுது, துடைப்பம் பிடிக்கிறவங்க தெரு மாறல.

2025இல் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களும் தனியாருக்குப் போயின. மாதம் சுமார் 23,000 வாங்கினவர்களுக்கு இனி 16,000 சொச்சம்தான் என்றார்கள் தொழிலாளர்கள். ரிப்பன் மாளிகை வாசலில் ஆகஸ்ட் 1 முதல் 13 நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் தலித்துகள், அதிலும் பெண்கள். 13ஆம் தேதி நடுராத்திரி போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. (அள்ளுறவங்களை அள்ள மட்டும் டெண்டர் விடலை.) மறுநாளே அவர்களுக்கு இலவசக் காலை உணவு என்று அரசு அறிவித்தது. கேட்டது நிரந்தர வேலை, கிடைத்தது இட்லி.

பேரேடு எழுதிப் பிழைக்கிறவன் நான். கம்பெனி பில்லுக்கும் அதே கஜானாதான் பணம் தருது. அதில் கம்பெனிக்காரன் லாபமும் சேர்ந்திருக்கு. அந்த லாபத்தை எங்க அக்காமார் சம்பளமா எழுத எந்தப் பேனா மறுக்குது?

தோழர்களே, அடுத்த பட்ஜெட்டுக்கு முன்னாடி உங்க வார்டு கவுன்சிலரை மடக்கிக் கேளுங்க: தூய்மைப் பணியில் நிரந்தர இடம் எத்தனை, ஒப்பந்தக்காரருக்கு எத்தனை கோடி?